பாலக்காட்டில் 11,500 ரூபாய் வாடகை 14,000 ஆவது நியாயமா?

கேள்வி இது: பாலக்காடு சந்திராநகரில் டூ பிஎச்கே ஃபிளாட். மூன்று வருடமாக 11,500 ரூபாய் வாடகை. கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் வேலை, மனைவி தினமும் ரயிலில் கோவை போய் வருகிறார். ஜூலை 20-ஆம் தேதி ஒப்பந்தம் முடிகிறது. துபாயில் இருக்கும் ஓனர், "லோன் வட்டி கூடிப் போச்சு, மார்க்கெட் ரேட்டும் இதுதான்" என்று சொல்லி 14,000 கேட்கிறார். இது நியாயமா, வாடகையை எதை வைத்து முடிவு செய்கிறார்கள், எங்களைப் போன்ற சம்பளக்காரர்கள் எங்கேதான் குடியிருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கட்டடப் பொறியாளர். வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிட்டுக் கொடுக்கும் வேலையை இருபது வருடத்துக்கு மேலாகச் செய்கிறேன். ஊர் கொழிஞ்சாம்பாறை. கேரள-தமிழ்நாடு எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடு வீடாக ஏறி இறங்கியவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த லோன் விஷயம். ஓனர் கட்டும் இஎம்ஐக்கும் நீங்கள் கொடுக்கும் வாடகைக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. உங்கள் ஃபிளாட் மாதிரி ஒன்று இன்று 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 32 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, இருபது வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 27,800 ரூபாய். நீங்கள் கொடுக்கும் 11,500 அதில் பாதிகூட இல்லை. 14,000 கொடுத்தாலும் பாதியைத்தான் தொடும். தவணையை வைத்துத்தான் வாடகை என்றால் அவர் 27,800 அல்லவா கேட்டிருக்க வேண்டும்? கேட்க முடியாது. அந்த வாடகைக்குச் சந்திராநகரில் ஆள் வராது என்று அவருக்கே தெரியும்.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். 2022 மே மாதத்தில் 4 சதவீதத்தில் இருந்த ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி) ரிசர்வ் வங்கி ஏற்றத் தொடங்கி, 2023 பிப்ரவரியில் 6.5-க்குக் கொண்டுவந்தது. அந்த ஒரு வருடத்தில் "வட்டி ஏறிடுச்சு" என்ற பேச்சு எல்லா ஓனர்களிடமும் இருந்தது. அப்புறம் 2025 பிப்ரவரியில் இறக்க ஆரம்பித்து, ஜூன் மாதத்தில் 5.5-க்கு வந்துவிட்டது. வட்டி இறங்கியது என்று வாடகையைக் குறைத்த ஓனர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வட்டிக்கும் வாடகைக்கும் முடிச்சு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

முதலீட்டுக்கு இத்தனை சதவீதம் என்று வாடகையைக் கட்டிப்போடச் சட்டமும் ஒரு காலத்தில் முயன்றது. தமிழ்நாட்டின் 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' என்று ஒன்று இருந்தது. இடம், கட்டடம் இரண்டின் மதிப்பையும் சேர்த்து, குடியிருப்பு என்றால் வருடத்துக்கு அதில் 9 சதவீதம், கடை என்றால் 12 சதவீதம். இந்த வாய்பாட்டை இன்று உங்கள் ஃபிளாட்டுக்குப் போட்டால் மாதம் 30,000 வரும். உங்கள் வாடகையோ ஃபிளாட் விலையில் வருடத்துக்கு மூன்றரை சதவீதம்கூட இல்லை. அப்படியென்றால் நிலத்தின் விலை ஒரு திசையில் ஓடுகிறது, வாடகை வேறு திசையில் நடக்கிறது. விலையை ஏற்றுவது வெளிநாட்டுப் பணமும், 'நாளைக்கு இன்னும் ஏறும்' என்ற நம்பிக்கையும். வாடகை அப்படி நம்பிக்கையில் ஏறாது. குடியிருப்பவர் மாதம் பிறந்ததும் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டிய பணம் அது. சம்பளம் எவ்வளவு தாங்குமோ அதுதான் அதற்கு உச்சவரம்பு.

சரி, எதுதான் வாடகையை முடிவு செய்கிறது? இரண்டு கேள்விகள். நீங்கள் காலி செய்தால் அடுத்த ஆள் எத்தனை நாளில் வருவார் என்பது ஓனரின் கேள்வி. இதை விட்டால் இதே தரத்தில், இதே தூரத்தில் வேறு வீடு கிடைக்குமா என்பது உங்கள் கேள்வி. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தவர் நல்ல விலை பேசுகிறார். யாரால் அதிக நாள் பொறுக்க முடியுமோ அவர் பக்கம் பேரம் சாய்கிறது. மிச்சமெல்லாம் பேச்சுக்குச் சொல்வது.

உங்கள் ஓனரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் காலி செய்கிறீர்கள், வீடு இரண்டு மாதம் சும்மா கிடக்கிறது, பிறகு 14,000-க்கு ஆள் வருகிறார். முதல் வருடத்தில் அவருக்கு வருவது பத்து மாத வாடகை, 1,40,000. ஆள் மாறும்போது பெயின்ட் அடிக்க வேண்டும், குழாய், சுவிட்ச் சில்லறை வேலை இருக்கும். இன்றைய கூலிக்கு 20,000 பிடிக்கும். புரோக்கருக்கு அரை மாத வாடகை, 7,000. கையில் நிற்பது 1,13,000. நீங்கள் பழைய 11,500-லேயே இருந்திருந்தால்கூட 1,38,000 வந்திருக்கும். நீங்கள் 12,500-க்கு ஒத்துக்கொண்டால் 1,50,000. 14,000 கேட்கும் ஓனர் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார். பக்கத்து ஃபிளாட் 14,000-க்குப் போயிற்று என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். நீங்கள் ஒரு தாளில் இதை எழுதி வாட்ஸாப்பில் அனுப்பலாம். சண்டைக்காரத் தொனி இல்லாமல், "சேட்டா, எங்களுக்கும் மாறுவதற்கு இஷ்டமில்லை" என்று ஆரம்பித்தால் போதும்.

ஆனால் இதே கணக்கு மே மாதத்தில் தலைகீழாகிவிடும். ஜூன் முதல் தேதி பள்ளி திறக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து மாற்றலாகி வருபவர்கள், பிள்ளைக்கு ஸ்கூல் கிடைத்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வீடு தேடுவார்கள். அப்போது காலியாகும் ஃபிளாட் பத்து நாளில் போய்விடும். பொறுக்க முடியாதவர் குடிவருபவர்தான். உங்களுக்கு அதிர்ஷ்டம், உங்கள் ஒப்பந்தம் ஜூலை 20-இல் முடிகிறது. அது ஆடி நான்காம் தேதி வாக்கில் வரும். ஆடியில் நம் ஆட்கள் பால் காய்ச்ச மாட்டார்கள். மலையாளிகளுக்கும் அதே மாதம் கர்க்கடகம், அவர்களும் புது வீட்டில் குடியேறத் தயங்குவார்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதத்தில் வீட்டுச் சந்தை படுத்துவிடும். ஆவணியும், மலையாளிகளின் சிங்க மாதமும் பிறக்கும்வரை அந்த ஃபிளாட்டைப் பார்க்க வருபவர்கள் குறைவாகவே இருப்பார்கள். எனக்குத் தெரிந்த புரோக்கர் ஒருவர், ஆடி பிறந்தால் டீக்கடை பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார். கேட்டால், "இப்ப வீடு காட்டினா பெட்ரோல் காசுதான் சார் நட்டம்" என்பார்.

ஒரே கட்டடத்துக்குள் வாடகை வித்தியாசப்படுவதற்கான காரணங்கள் உங்களுக்கே தெரியும்: மாடி, லிஃப்ட், கார் நிறுத்துமிடம், மெயின்டெனன்ஸ் உள்ளா வெளியா என்பது. இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது தண்ணீர். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணை வழியாக வருடத்துக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு வர வேண்டும். அது பிந்திய வருடங்களில் எங்கள் ஊர்ப் பக்கம் கிணறு, போர்வெல் எல்லாம் தடுமாறும். கொழிஞ்சாம்பாறையில் வாடகை மலிவு என்று போய், மார்ச்சிலிருந்து டேங்கர் லாரிக்குக் கொடுத்துக் கொடுத்து, கடைசியில் சந்திராநகர் வாடகையையே கொடுத்து முடித்தவர்களை எனக்குத் தெரியும். வீடு பார்க்கப் போனால் ஏப்ரலில் போங்கள், மோட்டாரைப் போடச் சொல்லிப் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

'மார்க்கெட் ரேட்' என்ற வார்த்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது எங்கும் எழுதி ஒட்டிய விலை இல்லை. இன்று ஒரு ஃபிளாட் வளாகத்தில் ஓனர்களுக்கென்று தனி வாட்ஸாப் குழு இருக்கிறது. "யாரும் 13,000-க்குக் கீழே கொடுக்க வேண்டாம்" என்று அதில் ஒருவர் எழுதுகிறார், நாலு பேர் கட்டைவிரல் காட்டுகிறார்கள், அது ரேட் ஆகிவிடுகிறது. இதையே பெரிய அளவில் கணினி வைத்துச் செய்தார்கள் என்று அமெரிக்காவில் வழக்கு நடந்தது. ரியல்பேஜ் என்ற நிறுவனத்தின் மென்பொருளில் அடுக்குமாடி உரிமையாளர்கள் தங்கள் வாடகை விவரங்களைக் கொடுக்க, அது எல்லாருக்கும் வாடகை பரிந்துரைத்தது. உரிமையாளர்கள் போட்டி போடாமல் சேர்ந்து விலை வைக்க இது வழி செய்கிறது என்று சொல்லி 2024 ஆகஸ்டில் அந்த நாட்டு அரசின் நீதித்துறை அமைச்சகம் வழக்குப் போட்டது. நம் ஊரில் மென்பொருள் இல்லை, ஆனால் தகவல் ஒரு பக்கம் மட்டுமே சேருகிறது என்ற கோளாறு அதேதான். ஓனர்களுக்குக் குழு உண்டு, குடியிருப்பவர்களுக்கு இல்லை. உங்கள் வளாகத்தில் வாடகைக்கு இருக்கும் ஐந்து குடும்பங்களிடம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். விளம்பரத்தில் கேட்கும் தொகையை எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைசியில் பேசி முடித்த தொகை எப்போதும் அதைவிடக் கொஞ்சம் இறங்கியே இருக்கும்.

இப்போது எல்லைக்கு வருகிறேன். வாளையாரைத் தாண்டி க.க.சாவடி, எட்டிமடை, மதுக்கரைப் பக்கம் போய்விடலாமே, மனைவிக்குக் கோவை பக்கம் வரும் என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள். வரைபடத்தில் பார்த்தால் அரை மணி நேர தூரம். ஆனால் மாநிலம் மாறுவது என்றால் வாடகை ஒன்று மட்டும் மாறுவதில்லை. பிள்ளையின் பாடத்திட்டம், இரண்டாம் மொழி மாறும். கேஎல் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் பதிவை மாற்றி, அங்கே வரி கட்ட வேண்டும். கணவர் எதிர்த்திசையில் கஞ்சிக்கோட்டுக்கு வர வேண்டும். அந்த ரயில் பாதையில் யானை கடக்கும் இடங்கள் இருப்பதால் வண்டிகள் மெதுவாகத்தான் போகும். பாசஞ்சரைத் தவறவிட்டால் பஸ்தான். இதையெல்லாம் கூட்டினால், அந்தப் பக்கம் 2,000 ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் பெரிய லாபம் நிற்காது. ஓனர்களுக்கும் இது தெரியும். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இரண்டு ஊர்களில் வாடகை ஒன்றையொன்று இழுத்துச் சமமாக்க வேண்டும். நடுவில் வாளையார் இருப்பதால் அந்த இழுப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

கட்டுப்படியாகும் வாடகை என்பதற்குச் சம்பளத்தில் 30 சதவீதம் என்று ஒரு கணக்கு எல்லாரும் சொல்கிறார்கள். அது அமெரிக்க அரசுக் குடியிருப்புகளுக்காக வந்த அளவு. 1969-இல் 25 சதவீதம் என்று வைத்து, 1981-இல் 30 ஆக்கினார்கள். நம் குடும்பங்களுக்கு அதை அப்படியே போட முடியாது. ஊரில் அப்பா அம்மாவுக்கு அனுப்புவது, ஸ்கூல் ஃபீஸ், நகைக்கடன் வட்டி எல்லாம் போன பிறகு மிஞ்சுவதில்தான் வாடகை. நான் சொல்லும் கணக்கு வேறு: வாடகை, மெயின்டெனன்ஸ், தண்ணீர், இரண்டு பேரின் போக்குவரத்து, நான்கையும் கூட்டி ஒரே தொகையாக வையுங்கள். எந்த வீட்டுக்கு அந்தக் கூட்டுத்தொகை குறைகிறதோ அதுதான் மலிவான வீடு. சீசன் டிக்கெட் எடுத்து ரயிலில் போகிற ஒருவருக்கு ஸ்டேஷன் பக்கத்து வீடு ஆயிரம் ரூபாய் அதிகமானாலும் லாபம்தான்.

எங்கே குடியிருப்பது என்ற உங்கள் கடைசிக் கேள்விதான் என்னை இவ்வளவு எழுத வைத்தது. வேலைக்காகப் போகும் தெருக்களில் பூட்டிய வீடுகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். போன மாதம் யாக்கரைப் பக்கம் ஒரு வீட்டை மதிப்பிடப் போனேன். நாலு படுக்கையறை, தேக்குக் கதவு. உரிமையாளர் கனடாவில். சனிக்கிழமைதோறும் ஒரு அம்மா வந்து எல்லா விளக்கையும் ஒரு தடவை போட்டு அணைப்பார், எல்லாக் குழாயையும் திறந்து துருத்தண்ணீர் போகும்வரை விடுவார், பூட்டிவிட்டுப் போவார். ஏழு வருடமாக அந்த வீட்டில் யாரும் ஒரு வேளை சமைக்கவில்லை. அடுப்பின் பர்னரில் இன்னும் கம்பெனி ஸ்டிக்கர் இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் இப்படிக் காலியாக இருந்தவை ஏறக்குறைய 12 லட்சம் வீடுகள், பத்தில் ஒன்றுக்கு மேல்.

வாடகைக்கு விட்டால் என்ன என்று அந்த உரிமையாளரிடம் போனில் கேட்டேன். "அப்புறம் இறங்க மாட்டார்கள்" என்றார். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1970 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தத்தில், அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு இருந்த குடிகிடப்புக்காரர்களுக்கு அந்த இடத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. பஞ்சாயத்தில் பத்து சென்ட் வரை. அது எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு முதல்முறையாகச் சொந்த மண் கொடுத்த நல்ல காரியம். ஆனால் நிலம் போனவர்களின் வீடுகளில் அந்தப் பேச்சு மட்டும் பேரப்பிள்ளை காலம் வரை தங்கிவிட்டது. வாடகை ஃபிளாட்டுக்கும் குடிகிடப்புக்கும் சட்டத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. கேரளத்தின் 1965-ஆம் வருட வாடகைச் சட்டமும் அந்தப் பயத்தைக் குறைக்கவில்லை. அது செல்லுபடியாகும் பகுதிகளில், ஒப்பந்தத் தேதி முடிந்தது என்பதற்காக மட்டும் ஒருவரைக் காலி செய்ய வைக்க முடியாது. வாடகை பாக்கி, சொந்தத் தேவை என்று சட்டம் சொல்லும் காரணம் வேண்டும். வழக்கு என்று போனால் வருடக்கணக்கு. 2023 பிப்ரவரி பட்ஜெட்டில் பூட்டிய வீடுகளுக்கு வரி போடும் யோசனையைக் கேரள அரசு கொண்டுவந்தது, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தது. வரியைவிட, சொன்ன தேதியில் வீடு திரும்பிக் கையில் கிடைக்கும் என்ற உறுதிதான் அந்தப் பூட்டுகளைத் திறக்கும் என்பது என் கருத்து. கூடவே, எழுதியதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்க முடியாது என்ற உறுதி குடியிருப்பவருக்கும் வேண்டும். தமிழ்நாடு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய வாடகைச் சட்டம் இந்த வழியில்தான் போகிறது: எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், வாடகை அதிகாரியிடம் பதிவு, வாடகை உயர்வு ஒப்பந்தத்தில் உள்ளபடி. நான் மதுக்கரைப் பக்கம் பார்த்த ஒப்பந்தங்களில் பல பதிவாகாதவைதான், ஆனாலும் வாசல் திறந்திருக்கிறது.

பூட்டிய வீட்டிலிருந்து கொஞ்ச நேரம் வண்டியில் போனால் கஞ்சிக்கோட்டின் லைன் வீடுகள். இரும்பாலைகளில் வேலை செய்யும் பீகார், வங்காளம், ஒடிசாப் பையன்கள் தங்கும் அறை ஒன்றை அளந்திருக்கிறேன். பத்துக்குப் பத்து. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு ஒன்பது பாய்க்கு இடம் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பெயர், ஒன்று பகல் ஷிஃப்ட், ஒன்று இரவு ஷிஃப்ட். வாடகை அறைக்கு இல்லை, தலைக்கு. ஒரு தலைக்கு 1,000 என்றால் பதினெட்டுப் பேருக்கு 18,000. அப்படியென்றால் சதுர அடிக்கு 180 ரூபாய். உங்கள் ஆயிரம் சதுர அடி ஃபிளாட்டுக்குச் சதுர அடி பதினொன்றரை ரூபாய். கேரள அரசு 2019-இல் இங்கேதான் அப்னா கர் என்ற பெயரில் 620 பேர் தங்கும் விடுதியைக் கட்டித் திறந்தது. நல்ல கட்டடம், சமையலறை எல்லாம் உண்டு. ஆனால் இங்கே இருக்கும் தொழிலாளர் கூட்டத்துக்கு 620 படுக்கை எந்த மூலைக்கு? அடுத்த மாதமே ஆள் வரும் என்று தெரிந்த லைன் வீட்டுக்காரருக்கு யாரிடமும் பேரம் பேச வேண்டியதில்லை. பொறுக்க முடியாதவரிடம் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு அந்த அறை சாட்சி.

இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் உண்டு. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு அனுமதித்த 12 தொழில் நகரங்களில் பாலக்காடும் ஒன்று, 1,710 ஏக்கர். வேலை வருவதற்கு முன்னாலேயே வாடகை எதிர்பார்ப்பு வந்துவிட்டது. உங்கள் ஓனரின் 14,000-இல் அதுவும் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆட்கள் உண்மையில் வந்து சேரும்போது இங்கே பேரம் பேசும் இடம் சுருங்கிவிடும். ஆகவே இந்த வருடத் தொகையைவிட அடுத்த மூன்று வருடத்துக்கு என்ன எழுதுகிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று பதிவுச் சட்டம் சொல்வதால்தான் எல்லாரும் 11 மாதம் எழுதுகிறார்கள். அந்த 11 மாதம்தான் வருடாவருடம் உங்களைப் பேரத்துக்கு இழுக்கிறது. முத்திரைத்தாள் செலவு கொஞ்சம் கூடினாலும் மூன்று வருடத்துக்கு எழுதிப் பதிவு செய்யலாமா என்று கேளுங்கள். முதல் வருடம் 12,500, பிறகு வருடத்துக்கு ஐந்து சதவீதம், காலி செய்ய இரண்டு பக்கமும் இரண்டு மாத நோட்டீஸ். துபாயில் இருப்பவருக்கு மூன்று வருடம் போன் அடிக்க வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதி. 13,000 வரை வந்தாலும் ஒத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பெயின்ட் செலவு யாருடையது, அட்வான்ஸில் எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். ஆனி முடிவதற்குள் முதல் போனைப் போட்டுவிடுங்கள்; ஆடியில் வீடு காலியாகக் கிடக்கும் என்ற நினைப்பு அவருக்கு அப்போதுதான் வரும்.